சீரியோவின் திங்கட்கிழமைகள்

பிளாரன்ஸில் ஆற்றுக்குத் தென்கரையில் இருக்கும் சான் ஃப்ரெதியானோ வட்டாரத்தில், ஓவியங்களைப் பற்றி யாருக்காவது சந்தேகம் வந்தால் பேராசிரியர்களைத் தேடிப் போக மாட்டார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போவார்கள். சீரியோ நென்சோனியின் சலூனில் மூன்று நாற்காலிகள், அதில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. கண்ணாடிக்கு மேலே ஊதாச் சட்டை போட்ட கால்பந்து அணியின் படம் ஒன்று, எந்த ஆண்டு எடுத்தது என்று கேட்கக் கூடாத அளவுக்கு வெளுத்துப்போய்த் தொங்குகிறது. அதற்குக் கீழே நின்றுகொண்டு நாற்பத்து நான்கு வருடமாகச் சீரியோ ஊரின் கலைச் செல்வங்களைப் பற்றித் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கிறார்.

எந்தப் படத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தபோது எந்த நீலம் வெளியே வந்தது, எந்தத் தேவதையின் இடது கால் வாத்தியாரின் கை, எந்தக் கால் சீடனின் கை, எல்லாம் அவருக்கு அத்துப்படி. உஃபீஸி ஓவியக் கூடத்தின் காவலர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் முடி வெட்டிக்கொண்டார்கள். சுற்றுலா வழிகாட்டிகளும் வருவார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதன் பொய் சொல்ல மாட்டான் என்பது சீரியோவின் நம்பிக்கை. அதனால் அவர்கள் சொன்னதையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டு, அடுத்த நாற்காலிக்காரரிடம் தான் கண்டுபிடித்ததுபோல் அளந்துவிடுவார்.

ஒரே ஒரு சின்ன விஷயம். அந்தக் கூடத்துக்குள் அவர் காலே வைத்ததில்லை.

இதில் அவர் தப்பு எதுவும் இல்லை, அவரையே கேளுங்கள். செவ்வாய் முதல் சனி வரை சலூன். ஞாயிறு காலை பூசை, மதியம் மாமியார் வீட்டுச் சாப்பாடு, அதன் பிறகு உள்ளூர் ஃபியொரெந்தினா அணியின் கால்பந்து ஆட்டம். ஒரே நாளில் மூன்று மதக் கடமைகளுக்கு மேல் ஒரு மனிதனால் முடியாது. மிஞ்சுவது திங்கள். இத்தாலி முழுவதும் முடிதிருத்துபவர்களுக்குத் திங்கள்தான் விடுமுறை. இத்தாலி முழுவதும் ஓவியக் கூடங்களுக்கும் திங்கள்தான் விடுமுறை. நாட்டை ஆள்பவர்கள் தன் ஒருவரைக் குறிவைத்தே இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள் என்று சீரியோ உளமார நம்பினார். நம்பியதில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

மாமியார் காலமாகிப் பதினைந்து வருடம் ஆயிற்று. அந்த ஞாயிறு மதியம் காலியான செய்தி மட்டும் ஏனோ அவர் காதுக்கு எட்டவில்லை.

மனைவி நோர்மா கல்யாணமான புதிதில் மூன்று தடவை கேட்டாள், "என்னை ஒரு நாள் கூட்டிட்டுப் போயேன்" என்று. "திங்கக்கெழமை மூடியிருக்குமே, நான் என்ன பண்ணட்டும்?" என்று மூன்று தடவையும் சொன்னார். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காதவளுக்கு ஆசையும் இல்லை என்று முடிவுகட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டில் அன்றைய காவலர் சொன்ன கதைகளை அவளுக்குச் சொல்லத் தொடங்கினார். அவளும் சூப்பை ஆற்றியபடி கேட்டுக்கொள்வாள். நல்ல மனைவி.

இப்படியே ஓடியிருக்கும். மகள் ஜினெவ்ரா போயும் போயும் ஒரு பீசாக்காரனைக் காதலித்தாள்.

பிளாரன்ஸ்காரர்களுக்கும் பீசாக்காரர்களுக்கும் இடையே நடந்தது சில நூறு வருடத்துச் சண்டை. இப்போது யாரும் யாரையும் வெட்டிக்கொள்வதில்லை, பேச்சிலேயே முடித்துக்கொள்கிறார்கள். பையனின் அப்பா ரணியேரி, மனைவியை இழந்தவர், ரயிலில் நாற்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். பேசினால் எதிராளி பையில் கைவிட்டுத் தேடுவான், அப்படி ஒரு குரல்.

கல்யாணம் எங்கே என்பதில் தகராறு. சீரியோ தெருவில் அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது: தனக்குக் கல்யாணம் நடந்த அதே கோயிலில்தான் மகளுக்கும், விருந்து எதிரே உள்ள உணவுக் கடையில், மொத்தச் சான் ஃப்ரெதியானோவும் வர வேண்டும். இனி அதைப் பீசாவுக்கு மாற்றினால் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வேறு ஊருக்குக் குடிபோக வேண்டியதுதான். தொலைபேசியில் பேச்சு முற்றியது.

"சம்பந்தி, உங்க ஊர்ல என்ன இருக்கு? ஒழுங்கா கட்டத் தெரியாத ஒரு கோபுரம். அதையும் நாலு பேரு கையால தாங்குற மாதிரி நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. இங்க வாங்க. உஃபீஸியில என் வீட்டுச் சமையலறையைவிட எனக்கு நல்லா வழி தெரியும்."

மறுமுனையில் ரணியேரி சொன்னார்: "சமையலறைக்கு நீங்க எத்தனை தடவை போவீங்கன்னு எனக்குத் தெரியாது சம்பந்தி. ஆனா சொல்லிட்டீங்க. நான் வர்றேன். நீங்களே கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. வழிகாட்டி கூடாது, கையில காகிதம் கூடாது, போனைப் பாக்கக் கூடாது. ஒரு இடத்துலயும் முழிக்காம காட்டிட்டீங்கன்னா கல்யாணம் உங்க ஊர்ல. முழிச்சீங்கன்னா எங்க ஊர்ல."

வேறு யாராக இருந்தாலும் வியர்த்திருக்கும். சீரியோ அரை நொடிதான் யோசித்தார். "வாங்க சம்பந்தி. வர்ற திங்கக்கெழமை வாங்க. எனக்கு அன்னைக்குத்தான் லீவு."

தொலைபேசியை வைத்துவிட்டுத் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். திங்களன்று கூடம் மூடியிருக்கும். வாசலில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டு, அடடா, மறந்தே போச்சே என்று சொல்ல வேண்டியது. பிறகு வெளியே நின்றபடியே உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாக விவரிக்க வேண்டியது. நாற்பத்து நான்கு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்.

அடுப்படியில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்த நோர்மா தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள். அந்தத் திங்கள் ஜூன் இரண்டு, குடியரசு நாள், சிவப்பில் அச்சடித்திருந்தது. பொது விடுமுறை திங்களில் வந்தால் முடிதிருத்துபவனுக்கு அது வருவதும் ஒன்று, வராததும் ஒன்று. எப்படியும் அன்று கடை கிடையாது. சீரியோ வாழ்நாளில் திங்கள் சிவப்பா கறுப்பா என்று பார்த்ததில்லை. நோர்மா பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி அவரைக்காயில் கவனமானாள்.

திங்கள் காலை ரயிலில் ரணியேரி வந்து இறங்கினார், இஸ்திரி போட்ட சட்டையும் பழைய வேலைக்காலத்துக் கறுப்புச் செருப்புமாக. சீரியோ நோர்மாவோடு போய் அவரை ஓவியக் கூடத்தை ஒட்டிய சதுக்கத்துக்கு நடத்திக் கூட்டிவந்தார். வழியில் குடல் வறுவல் ரொட்டி வாங்கிக் கொடுத்தார். ரணியேரி ஒரு கடி கடித்துவிட்டு, "ரொட்டியில உப்பே இல்லையே" என்றார்.

"உங்க ஆளுங்கதானே அந்தக் காலத்துல கடல்லேருந்து வர்ற உப்பை மறிச்சது. அன்னைக்கு விட்டது, இன்னும் நாங்க போடலை."

"அப்ப எங்களாலதான் உங்களுக்கு ரத்தக் கொதிப்பு இல்லாம இருக்கு. நன்றி சொல்லுங்க."

சதுக்கத்தில் நிற்கும் தாவீது சிலை நகல்தான், அசல் வேறிடத்தில் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கி, சீரியோ அருமையாகப் பேசினார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சிலையின் கீழேதான் அவர் தினமும் சைக்கிளில் போகிறார். பேசிக்கொண்டே ஓவியக் கூடத்தின் பக்கம் திரும்பினார். 'அடடா'வை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்து வைத்துக்கொண்டார்.

அங்கே ஒரு வரிசை நின்றது. தூண்களைச் சுற்றி, வளைந்து, ஆற்றங்கரை வரை போயிருந்தது.

ஐஸ்கிரீமுக்கு நிற்கிறார்கள் என்று முதலில் நினைத்தார். பிறகு கழிப்பறைக்கு என்று நினைத்தார். வாசல் கதவு விரியத் திறந்திருந்ததையும், குடியரசு நாளை முன்னிட்டு இன்று கூடம் திறந்திருக்கும், அனுமதி இலவசம் என்று பலகை வைத்திருந்ததையும் பார்த்த பிறகு நினைப்பதை நிறுத்திக்கொண்டார்.

"திங்கக்கெழமைகூட உங்களுக்காகத் திறந்து வெச்சிருக்காங்களே சம்பந்தி," என்றார் ரணியேரி. "பழக்கம் அப்படி."

"இந்த வரிசையில நின்னா ரெண்டு மணி நேரம் ஆகும். உங்களுக்குக் கால் வலிக்கும். வாங்க, ஆளுக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சிட்டு..."

"நாப்பது வருஷம் ஓடுற ரயில்ல நின்னவன் நான். இது ஆடாம நிக்குது. சொகுசாத்தான் இருக்கு."

நோர்மா வரிசையின் கடைசியில் போய் நின்றாள். அவள் செருப்பு நடப்பதற்கென்றே வாங்கிய தட்டையான செருப்பு. இத்தனை வருடத்தில் அதைச் சீரியோ முதன்முறையாகக் கவனித்தார். எதற்கு வாங்கினாள் என்று யோசிக்கத்தான் அப்போது நேரமில்லை.

உள்ளே போனதும் சீரியோவின் தலைக்குள் செத்துப்போன தீனோ பேசத் தொடங்கினார். தீனோ முப்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய காவலர், வாரம் ஒருமுறை சவரத்துக்கு வருபவர். படியேறினால் நீள நடைபாதை, இடது கைப்பக்கம் எட்டாவது கதவு, உள்ளே போனால் கடல்சிப்பி மேல் நிற்கும் பெண்ணின் புகழ்பெற்ற ஓவியம். சீரியோ நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, இந்தக் கட்டடத்தைக் கட்டும்போது மேற்பார்வை பார்த்தவர் மாதிரி, கூரைச் சித்திரத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கதவுகளை எண்ணினார். எட்டாவது கதவைக் கம்பீரமாகக் கையால் காட்டி, "இதோ சம்பந்தி, உலகமே பாக்க வர்ற அழகி" என்றார்.

அது மின்தூக்கி. கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் ஒரு டச்சுக் கிழவர் வெளியே வந்தார்.

நல்லவர்தான். அழகியாக மட்டும் இல்லை.

"அறையெல்லாம் மாத்திட்டாங்க போல," என்றார் சீரியோ.

"போன வாரமா மாத்தினாங்க?" என்று ரணியேரி கேட்டார்.

அப்போது நோர்மா கணவரின் முழங்கையைப் பிடித்தாள். "சீரியோ, மொதல்ல அந்தப் பக்கம் போயிட்டுத்தான் இங்க வரணும்னு நீ எப்பவும் சொல்வியே," என்று சொல்லிக்கொண்டே, கனமான மேசையை நகர்த்துவதுபோல் அவரைத் திருப்பிவிட்டாள். அதன் பிறகு அவள் அரையடி முன்னால் நடந்தாள். அவள் பை எந்தத் தோளுக்கு மாறுகிறதோ அந்தப் பக்கம் சீரியோ திரும்பினார். மூன்று அறை, நான்கு அறை, ஒரு தப்பும் இல்லை. தான் இவளுக்குச் சொன்னதையெல்லாம் எவ்வளவு ஒழுங்காக மனதில் வைத்திருக்கிறாள் என்று அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதனால் மந்தமாக இருக்க முடியாது.

ரணியேரி பின்னால் வந்துகொண்டிருந்தார். அவர் படங்களை அதிகம் பார்க்கவில்லை. ரயில் பெட்டியின் கடைசியிலிருந்து கழிப்பறைப் பக்கம் நைசாக நகரும் பயணியைப் பார்ப்பதுபோல் சீரியோவின் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த அறையின் வாசலில் நின்ற காவலர், நாற்பது வயதுக்காரர், நோர்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க நோர்மாக்கா. என்ன திங்கக்கெழமை வந்துட்டீங்க, வியாழன்தானே உங்க நாளு? பாருங்க, உங்க பெஞ்சுல யாரோ உக்காந்துட்டாங்க. எழுப்பி விடட்டுமா?"

"வேணாம்ப்பா, இருக்கட்டும்," என்றாள் நோர்மா. அவள் காது சிவந்துவிட்டது.

வியாழக்கிழமைகளில் நோர்மா ஸ்காந்திச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போகிறாள். பல வருடமாகப் போகிறாள். மத்தியானம் போய், கடை மூடுவதற்குள் வந்து சூப்பை அடுப்பில் ஏற்றிவிடுவாள். தங்கை எப்படி இருக்கிறாள் என்று சீரியோ கேட்பார். அப்படியேதான் இருக்கிறாள் என்பாள். சீரியோ அந்தப் பெஞ்சைப் பார்த்தார். வெளியூர்ப் பெண் ஒருத்தி அதில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். எதிரே, சட்டம் போட்ட இரண்டு முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. உர்பீனோவை ஆண்ட பிரபு, சிவப்புத் தொப்பியும் நடுவில் குழி விழுந்த மூக்கும். அவருக்கு எதிரே வெளுத்த முகத்தோடு அவர் மனைவி.

"எத்தனை நாளா?" என்று மெல்லக் கேட்டார்.

"பதினோரு வருஷம்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் திங்கக்கெழமைன்னே." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சீரியோவுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். "அப்புறம் நீ தினமும் ராத்திரி கதை சொல்ல ஆரம்பிச்சே. நான் பாத்துட்டேன்னு சொன்னா நீ சொல்றதை நிறுத்திடுவே."

"இன்னைக்குத் திறந்திருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"காலண்டர்ல சிவப்பா போட்டிருந்துச்சு. வேற எப்படித்தான் உன்னை உள்ள கூட்டிட்டு வர்றது?"

ரணியேரி நெருங்கி வந்துவிட்டார். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. நேராக நின்று, கைகளைப் பின்னால் வைத்துக்கொண்டு, நாற்பது வருடம் சொன்ன வாக்கியத்தை அதே குரலில் சொன்னார்: "டிக்கெட் இருக்கா சம்பந்தி?"

சீரியோ வாயைத் திறப்பதற்குள் நோர்மா முந்திக்கொண்டாள். "என்ன சம்பந்தி இப்படிக் கேட்டுட்டீங்க. இவரு எத்தனையோ தடவை வந்திருக்காரு. எனக்கு இதையெல்லாம் சொல்லிக் குடுத்ததே இவருதான்."

காவலர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். சீரியோ மனைவியின் முகத்தைப் பார்த்தார். பூசைக்குப் போகிறவள், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், கன்னம் சிவக்க நின்றாள். தெரு முழுக்கச் சொல்லிவைத்த கல்யாணம், கோயில், எதிர்க்கடை விருந்து எல்லாம் அவள் சொன்ன அந்த ஒரு பொய்யில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாழ்க்கை முழுக்கச் சொன்ன பொய்களோடு இன்னும் ஒன்று. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல சம்பந்தி," என்றார். "டிக்கெட் இல்ல. இன்னைக்குத்தான் மொத தடவை."

ரணியேரி பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் அங்கேயே, பிரபுவின் முன்னிலையில், போனை எடுத்து மகனைக் கூப்பிட்டு, "பீசாவுலதான்" என்று ஒரே சொல்லில் முடித்தார். டிக்கெட் பரிசோதகர்கள் அப்படித்தான். ஆனால் மாலை ரயிலேறும்போது நோர்மாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட்டிட்டுப் போனதால இன்னைக்கு நல்லாப் பாத்தேன்" என்றார். சீரியோவிடம், "அடுத்த தடவை வர்றப்ப உப்பு நான் கொண்டுவர்றேன்" என்று மட்டும் சொன்னார்.

தெருவுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு சீரியோவின் தலையில் விழுந்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் கேலி தாங்கவில்லை. "சீரியோண்ணே, அந்தச் சிப்பிப் பொண்ணு மின்தூக்கியிலதான் இறங்கி வருவாளாமே?" என்று நுரை பூசிய வாயோடு கேட்டார்கள். கத்தி கையில் இருந்தும் சீரியோ பொறுமையாக இருந்தார். அது ஒன்றுக்காகவே அவரைப் பாராட்டலாம்.

வியாழக்கிழமை மதியம் கடைக் கதவில் ஓர் அட்டை தொங்கியது: வியாழன் பிற்பகல் விடுமுறை. சலூன் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஒன்று நடந்ததில்லை. யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நோர்மா அவருக்காகக் காத்திருக்கவில்லை. வழக்கமான நேரத்துக்கு வழக்கம்போல் கிளம்பிப் போய்விட்டாள். சீரியோ தனியாக வரிசையில் நின்று, தனக்கென்று ஒரு டிக்கெட் வாங்கி, அதைக் கிழியாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு தடவை வழி தவறி, ஒரு சப்பானியரிடம் சைகையால் கேட்டு அந்த அறைக்கு வந்து சேர்ந்தார். நோர்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் பை இருந்தது. அவரைப் பார்த்தாள், பையை எடுக்கவில்லை.

சீரியோ தொண்டையைச் செருமினார். "இந்தப் பிரபுவுக்கு வலது கண்ணு கிடையாது. அதனாலதான் எப்பவும் இடது பக்கமா..."

"தெரியும். பாரு," என்றாள்.

அவர் வாயை மூடிக்கொண்டு பார்த்தார். பேசாமல் இருப்பது கஷ்டமாக இருந்தது. கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தீனோ இருபது வருடத்தில் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நாக்கு நுனிக்கு வந்து, போக இடமில்லாமல் திரும்பிப் போயிற்று. எல்லாம் போன பிறகு, மிச்சமிருந்தது ஒரு முகம். வயதான ஆண்முகம், வாரத்துக்கு நாலு பேராவது அவர் நாற்காலியில் கொண்டுவந்து காட்டும் மாதிரி முகம். சீரியோ ஓரடி முன்னால் போய்க் குனிந்தார்.

"நோர்மா, கன்னத்துல பாரு. எத்தனை மரு. காதுக்குக் கீழ ஒண்ணு, தாடை ஓரத்துல ஒண்ணு. இந்த மாதிரிக் கன்னத்துல கத்தி போடுறது எனக்கே பயம். இந்தாளுக்குச் சவரம் பண்ணினவன் யாரோ தெரியல, ஆனா நல்ல கைக்காரன். ஒரு கீறல் இல்ல."

நோர்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முன்னால் சாய்ந்து, பிரபுவின் கன்னத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"பதினோரு வருஷமா பாக்குறேன்," என்றாள். "இதை நான் யோசிச்சதே இல்ல."

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.